சும்மா படித்தால் என்ன கெட்டுவிடும்? (வாசகர் கேள்வி-பதில்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன: போர்டில் உள்ள சிப்பின் ரிஜிஸ்டர்களை (சிப்புக்குக் கட்டளை கொடுக்கவும் அதன் நிலையை அறியவும் உள்ள சின்ன இடங்களை) நம் நிரலிலிருந்து தொடுவது எப்படி, தொட்டால் ஏன் சில சமயம் போர்டே நின்றுபோகிறது? காட்பாடி மாணவர்கள், ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை செய்கிறவர்கள், ஆம்பூர்ப் பக்கம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மீட்டர் பார்க்கிறவர் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். சிலர் பெயர் வேண்டாம் என்று கேட்டதால் எல்லோருக்கும் ஊரும் தொழிலும் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: தோல் ஆலைகளின் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக இருக்கிறேன். பிஹெச் மீட்டரிலிருந்து ஆர்எஸ்-485 வயர் வழியாக ஒரு சின்ன லினக்ஸ் பெட்டிக்கு அளவீடு வருகிறது. சந்தேகம் வந்தால், எந்த முகவரியையும் நேரடியாகப் படிக்க, எழுத உதவும் டெவ்மெம் கட்டளையால் சீரியல் போர்ட்டின் ரிஜிஸ்டர்களைப் பார்ப்பேன். எழுதுவதே இல்லை, படிப்பது மட்டும்தான். ஆனால் நான் பார்க்கும்போதெல்லாம் ஓரிரு அளவீடு விட்டுப்போகிறது. ஒருமுறை வேறொரு முகவரியைப் படித்தபோது ‘பஸ் எரர்’ என்று வந்தது. சும்மா படித்தால் என்ன கெட்டுவிடும் சார்?
(ஆம்பூர், இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன்)

பதில்: கெடும் ஐயா. நீங்கள் கவனித்தது முழுக்கச் சரி. அளவீடு விட்டுப்போவதற்கும் நீங்கள் படிப்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

ராம் நினைவகத்தில் ஒரு இடத்தை ஆயிரம் தடவை படித்தாலும் அதில் இருப்பது அப்படியே இருக்கும். சாதன ரிஜிஸ்டர் அப்படி இல்லை. அதைப் படிப்பதும் அந்தச் சாதனத்துக்கு ஒரு கட்டளைதான். உங்கள் பெட்டியில் இருப்பது 16550 வகை சீரியல் சிப் என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கும் பெரும்பாலான சீரியல் போர்ட்டுகள் அதன் வழிவந்தவைதான். அதில் முதல் ரிஜிஸ்டரைப் படித்தால், வந்து சேர்ந்து காத்திருக்கும் பைட்டுகளில் மூத்தது ஒன்று வரிசையிலிருந்து வெளியே வந்துவிடும். அந்த வரிசையில் 16 பைட்டுகளுக்குத்தான் இடம். டெவ்மெம் எடுத்துக்கொண்ட பைட், சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவருக்கு இனி கிடைக்காது. இப்படிப்பட்ட மீட்டர்கள் அளவீடு அனுப்பும் மோட்பஸ் முறையில், ஒவ்வொரு செய்தியின் கடைசியில் சரிபார்ப்புத் தொகை ஒன்று வருகிறது இல்லையா? நடுவில் ஒரு பைட் காணாமல் போனால் அந்தத் தொகை ஒத்துவராது. அளவீடுகளைப் பதிவு செய்யும் லாகர் நிரல் முழுச் செய்தியையும் தள்ளிவிடும். நீங்கள் சொல்லும் ஓரிரு அளவீடு போனது அப்படித்தான்.

அதே சிப்பில் வேறு இரண்டு இடங்களும் உண்டு. லைன் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரைப் படித்தால், பைட் வழிந்து போனது, பாரிட்டி தவறியது போன்ற பிழைக் குறிகள் அழிந்துவிடும். வயரில் உண்மையாகவே கோளாறு இருந்தாலும் டிரைவருக்கு அது தெரியாமல் போகும். எந்த இன்டரப்ட் (சிப் பிராசஸரை அழைக்கும் அறிவிப்பு) வந்தது என்று சொல்லும் ரிஜிஸ்டரைப் படித்தால், ‘அனுப்பி முடிந்தது’ என்ற அறிவிப்பு அணைந்துவிடும். அதற்காகக் காத்திருக்கும் டிரைவர் காத்துக்கொண்டே நிற்கலாம்.

பஸ் எரர் வேறு காரணத்தால் வருவது. இப்போதைய சிப்புகளில் பயன்படுத்தாத பகுதிகளுக்குக் கிளாக்கை (அவற்றை இயக்கும் துடிப்பை) நிறுத்தி வைத்திருப்பார்கள், மின்சாரம் மிச்சமாகட்டும் என்று. கிளாக் இல்லாத பகுதியின் முகவரியைப் படித்தால் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. பீகிள்போன் பிளாக் என்ற சின்னக் கணினி போர்டில் இருக்கும் ஏஎம்335எக்ஸ் சிப் இதைப் பிழையாகத் திருப்பி அனுப்பும். உங்களுக்கு வந்தது அதுதான். வேறு சில சிப்புகளில் பிழைகூட வராது. பதிலுக்காகப் பிராசஸர் அப்படியே நின்றுவிடும், மின்சாரத்தை நிறுத்திப் போட்டால்தான் எழுந்திருக்கும். டிரைவர்கள் ரிஜிஸ்டரைத் தொடும் முன் ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட்டிடம் கேட்டு அந்தப் பகுதியை எழுப்பிவிட்டுத்தான் தொடுகின்றன. டெவ்மெம் அதையெல்லாம் கேட்காது.

அப்படியானால் எப்படிப் பார்ப்பது? சீரியல் போர்ட்டுக்குப் புரோக் கோப்பகத்தில் டிடிஒய், டிரைவர், சீரியல் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போனால் எத்தனை பைட் வந்தது, போனது, எத்தனை பிழை என்ற கணக்கை டிரைவரே வைத்திருக்கும். லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள ரெக்மேப் என்ற நூலகத்தைப் பயன்படுத்தும் டிரைவர்களுக்கு, டீபக்-எஃப்எஸ் என்ற பிழை தேடும் கோப்பகத்தில் ரிஜிஸ்டர் பட்டியலே கிடைக்கும். படித்தால் மாறிவிடும் ரிஜிஸ்டர்களை டிரைவர் எழுதியவர் ‘பிரெஷியஸ்’ என்று குறித்து வைத்திருந்தால் ரெக்மேப் அவற்றைப் பட்டியலில் காட்டாது. இந்த இரண்டு வழியில் வாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியில் டெவ்மெம் வேண்டவே வேண்டாம்.

உங்கள் வேலைக்காக இன்னும் ஒரு வரி சேர்க்கிறேன். பாலாற்றில் கலந்த தோல் கழிவுக்காக வேலூர் மக்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வாங்கினார்கள். அந்தத் தண்ணீரின் நிலையைச் சொல்வது உங்கள் மீட்டர். அதில் ஒரு அளவீடு விட்டுப்போவதைக் கவனித்து, ஏன் என்று எழுதிக் கேட்டீர்களே, அது பெரிய காரியம்.

கேள்வி: ராஸ்பெரி பை 3இல் ஜிபிஐஓ பின்னை (நிரலால் இயக்கக்கூடிய பொதுப் பின்னை) வேகமாக ஆன்-ஆஃப் செய்ய ஒரு சி நிரல் கிடைத்தது. டெவ்மெம் கோப்பைத் திறந்து எம்மேப் செய்கிறது, அதாவது சிப்பின் முகவரிகளை நிரலுக்குள் பொருத்திக்கொள்கிறது. நன்றாக ஓடியது. அதையே கல்லூரியின் பை 4 போர்டில் போட்டால் எல்இடி எரியவில்லை, ஒருமுறை போர்டே தொங்கிவிட்டது. முகவரியை மாற்றினால் போதுமா, டிரைவர்தான் எழுத வேண்டுமா?
(காட்பாடி, இறுதியாண்டு மாணவர்)

பதில்: முகவரியை மாற்றினால் எல்இடி எரியும் தம்பி. ஆனால் உங்கள் நிரலில் முகவரி எண்ணாக எழுதியிருப்பதுதான் முதல் கோளாறு.

பதினாறடிமானத்தில் பார்த்தால் முதல் தலைமுறைப் பையில் சாதனங்கள் 20000000இல் தொடங்கின. பை 2, பை 3இல் அது 3எஃப்000000. பை 4இல் எஃப்இ000000. ஜிபிஐஓ பகுதி எல்லாவற்றிலும் அங்கிருந்து 200000 தள்ளி இருக்கிறது. பை 3க்கு எழுதிய எண்ணைப் பை 4இல் போட்டால் அந்த இடத்தில் ஜிபிஐஓ கிடையாது, ராம் இருக்கிறது. நீங்கள் பின்னுக்கு என்று நினைத்து எழுதிய 1கள் வேறு யாருடைய நினைவகத்திலோ போய் விழுந்திருக்கின்றன. போர்டு தொங்கியது ஒருமுறை மட்டும் என்றால் அது நல்வாய்ப்பு. 2023இல் வந்த பை 5இல் நிலைமை இன்னும் வேறு: பின்கள் ஆர்பி1 என்ற தனிச் சிப்பில் இருக்கின்றன, அது பிசிஐஇ வழியாகப் பிராசஸரோடு பேசுகிறது. உங்கள் நிரலில் எந்த எண்ணை மாற்றினாலும் அங்கே அப்படியே ஓடாது. ரிஜிஸ்டர் அமைப்பே வேறு.

எந்தப் போர்டில் எந்தச் சாதனம் எங்கே இருக்கிறது என்பதைக் கெர்னலுக்குச் சொல்வது டிவைஸ் ட்ரீ. டிரைவர் அந்தத் தகவலைக் கேட்டு வாங்கி, ‘இந்தப் பகுதி எனக்கு’ என்று பதிவு செய்து, பிறகு தன் முகவரி வெளியில் பொருத்திக்கொள்கிறது. டெவ்எம்-பிளாட்ஃபார்ம்-ஐஓரீமேப்-ரிசோர்ஸ் என்ற நீளமான பெயருள்ள ஒரே அழைப்பு இது எல்லாவற்றையும் செய்துவிடும். பதிவு செய்த பகுதியை இன்னொரு டிரைவர் கேட்டால் ‘வேலையில் இருக்கிறது’ என்ற பிழை அதற்குக் கிடைக்கும். புரோக் கோப்பகத்தில் ஐஓமெம் கோப்பைத் திறந்து பாருங்கள், யார் எந்தப் பகுதியை வைத்திருக்கிறார்கள் என்று வரிசையாகத் தெரியும். ரூட்டாக (நிர்வாகி அனுமதியோடு) பார்த்தால்தான் முகவரிகள் தெரியும், இல்லையென்றால் எல்லாம் பூஜ்யமாக இருக்கும். உங்கள் டெவ்மெம் நிரல் இந்தப் பதிவேட்டைத் தாண்டிக் குதித்துப் போகிறது.

உங்கள் புராஜெக்டுக்கு டிரைவர் எழுதத் தேவையில்லை. 2016இல் வந்த 4.8 கெர்னலிலிருந்து ஜிபிஐஓவுக்கு முறையான கேரக்டர் டிவைஸ் இருக்கிறது, அதற்கு லிப்ஜிபிஐஓடி நூலகமும் இருக்கிறது. அதில் எழுதிய நிரலில் சிப்பின் பெயரும் பின் எண்ணும் சரியாக இருந்தால் போதும், முகவரி உங்கள் கவலையில்லை. வேகம் அவசியம் என்றால் பை 4 வரையிலான போர்டுகளில் டெவ்ஜிபிஐஓமெம் என்ற கோப்பு உண்டு. அது ஜிபிஐஓ பகுதியை மட்டும்தான் திறந்து தரும், ரூட் அனுமதியும் வேண்டாம். தவறு நடந்தாலும் பின்களோடு நிற்கும்.

கேள்வி: எங்கள் கம்பெனியில் எஃப்பிஜிஏ (உள்ளே இருக்கும் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) உள்ள பிசிஐஇ கார்டு ஒன்றுக்கு நான்தான் டிரைவர் எழுதினேன். ராமில் டிஸ்கிரிப்டரை (கார்டு செய்ய வேண்டிய வேலையின் குறிப்பை) நிரப்பிவிட்டு, கார்டின் ஒரு ரிஜிஸ்டரில் 1 எழுதினால் கார்டு டிஸ்கிரிப்டரை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். இன்டெல் இண்டஸ்ட்ரியல் பிசியில் வருஷக்கணக்கில் ஓடியது. இப்போது ஆர்ம் 64-பிட் போர்டுக்கு மாற்றினோம். எப்போதாவது ஒருமுறை கார்டு பழைய டிஸ்கிரிப்டரை எடுத்து ஓடுகிறது. எல்லாப் பாயின்டரிலும் வோலடைல் போட்டிருக்கிறேன். வேறு என்ன செய்ய வேண்டும்?
(ராணிப்பேட்டை சிப்காட், எம்பெடட் இன்ஜினியர்)

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் இந்த மாதம் அதிக இடம் ஒதுக்கப் போகிறேன். சிப்காட்டில் கன்ட்ரோலர் போர்டுகளோடு நான் வேலை பார்த்த காலத்திலும் இன்டெல்லிலிருந்து ஆர்முக்கு மாறிய ஒவ்வொரு குழுவும் இதே கதவில் வந்து முட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

வோலடைல் கம்பைலரை மட்டும்தான் கட்டுப்படுத்தும். ‘இந்தப் படிப்பை நீக்காதே, வோலடைல்களின் வரிசையை மாற்றாதே’ என்று கம்பைலரிடம் சொல்லும், அவ்வளவே. கம்பைலர் சரியான வரிசையில் கட்டளைகளை வைத்த பிறகும் பிராசஸர் அந்த எழுத்துகளை வேறு வரிசையில் வெளியே அனுப்பலாம். இன்டெல் பிராசஸர் இந்த விஷயத்தில் கண்டிப்பானது: ராமுக்குப் போகும் எழுத்து முன்னால், கார்டுக்குப் போகும் எழுத்து பின்னால் என்ற உங்கள் வரிசையை அது காப்பாற்றிவிடும். அதனால் வருஷக்கணக்கில் ஓடியது. ஆர்ம் அந்த உறுதியைத் தருவதில்லை. ஒரே சாதனத்துக்குப் போகும் எழுத்துகள் வரிசையாகப் போகும்; ஆனால் ராமுக்குப் போவதும் சாதனத்துக்குப் போவதும் ஒன்றையொன்று முந்தலாம். உங்கள் ‘1’ கார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது டிஸ்கிரிப்டர் இன்னும் ராமுக்கு வந்து சேரவில்லை. எப்போதாவது ஒருமுறை நடப்பதால் தேடிப் பிடிப்பதும் கடினம்.

மருந்து எளிது. பாயின்டர் வழியாக எழுதுவதை நிறுத்தி, கெர்னல் தரும் ரைட்எல் என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். ஆர்ம் 64-பிட் கெர்னலில் ரைட்எல் எழுதுவதற்கு முன்பு ஒரு பேரியர் போடுகிறது: இதற்கு முன் ராமுக்கு எழுதியதெல்லாம் கார்டின் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் இந்த எழுத்து போகும். படிப்பதற்கான அதன் ஜோடி ரீட்எல். அதில் பேரியர் படித்த பிறகு வருகிறது. ‘முடிந்தது’ என்று ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டர் சொன்ன பிறகு நீங்கள் ராமில் படிக்கும் தரவு பழையதாக இருக்கக் கூடாது அல்லவா, அதற்காக. ரைட்எல்-ரிலாக்ஸ்ட் என்றும் ஒன்று உண்டு. அதில் இந்தப் பேரியர் கிடையாது. வேகமாக இருக்கிறதே என்று அதை எடுத்து டிஸ்கிரிப்டர் தொடக்கத்துக்குப் போட்டுவிடாதீர்கள். பழைய பிழை அப்படியே திரும்பி வரும். டிஸ்கிரிப்டருக்கான ராமையும், டிஎம்ஏவுக்கு (கார்டு தானே ராமைத் தொடுவதற்கு) ஏற்ற இடம் தரும் டிஎம்ஏ-அலாக்-கோஹிரன்ட் மூலம் வாங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கே-மலாக் செய்த இடத்தை அப்படியே கார்டுக்குக் கொடுத்திருந்தால் கேஷ் (பிராசஸரின் இடைநினைவகம்) தொல்லை தனியாக வரும்.

ரைட்எல்லுக்கு வேறு காரணங்களும் உண்டு. 32 பிட்டை ஒரே தடவையாக எழுதும், உடைத்து இரண்டாக எழுதாது. பிசிஐ சாதனங்கள் லிட்டில்-எண்டியன் (எண்ணின் கடைசி பைட் முதலில் வரும் வகை) என்பதால் வேறு வகைப் பிராசஸரில் ஓடினாலும் பைட் வரிசையை அதுவே மாற்றிக்கொள்ளும். மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடும்போது கம்பைலர் தன் விருப்பத்துக்குத் தேர்ந்தெடுக்கும் சில வகைக் கட்டளைகளை ஆர்ம் ஹைப்பர்வைசரால் புரிந்துகொள்ள முடியாது. அதனால்தான் கெர்னலில் ரைட்எல்லுக்குள் எளிமையான ஒரே கட்டளையை அசெம்பிளியில் எழுதிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். டிரைவரில் வோலடைல் ஏன் கூடாது என்று கெர்னல் ஆவணங்களில் தனிப் பக்கமே இருக்கிறது. உங்கள் குழுவில் எல்லோரையும் அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

கார்டின் நினைவகத்தை நிரப்ப மெம்செட், நகலெடுக்க மெம்காப்பி போட்டிருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் அதைச் சொல்லவில்லை, ஆனால் இன்டெல்லில் ஓடிய டிரைவரில் அநேகமாக இருக்கும். ஆர்ம் 64-பிட்டில் சாதாரண மெம்செட் ஒரு கேஷ் வரிசையை மொத்தமாகப் பூஜ்யமாக்கும் கட்டளையைப் பயன்படுத்தும். சாதன நினைவகத்தில் அந்தக் கட்டளை பிழையில் முடியும், கெர்னல் விழும். ஒழுங்காக அமையாத முகவரியில் படித்தாலும் அப்படியே. மெம்செட்-ஐஓ, மெம்காப்பி-டுஐஓ, மெம்காப்பி-ஃப்ரம்ஐஓ என்று தனியாக வைத்திருப்பது இதற்காகத்தான்.

இன்னொன்று, இது உங்களைப் போன்ற தொழிற்சாலை ஆட்களுக்கு முக்கியம். கார்டுக்கு ‘நிறுத்து’ என்று எழுதிவிட்டு, பத்து மைக்ரோ செகண்ட் காத்திருந்து, அடுத்த வேலையைத் தொடங்கும் டிரைவர்களை நிறையப் பார்க்கிறேன். பிசிஐஇயில் எழுத்து என்பது காட்பாடி பார்சல் ஆபீசில் மூட்டையைப் போட்டு ரசீது வாங்குவது மாதிரி. ரசீது கைக்கு வந்தவுடன் சரக்கு சென்ட்ரலில் இறங்கிவிட்டதாக ஆகாது. ரைட்எல் திரும்பி வந்த நேரத்தில் அந்த எழுத்து நடுவில் ஏதோ ஒரு பிரிட்ஜில் நின்றுகொண்டிருக்கலாம். நீங்கள் எண்ணிய பத்து மைக்ரோ செகண்ட், கார்டு நின்ற நேரத்திலிருந்து எண்ணியது அல்ல. எழுதிய பிறகு அதே கார்டில் படித்தால் கெடாத ஒரு ரிஜிஸ்டரை ரீட்எல் செய்யுங்கள். படிப்பு தனக்கு முன்னால் போன எழுத்தை முந்தக் கூடாது என்பது பிசிஐஇ விதி. அதனால் பதில் வந்தால் ‘நிறுத்து’ கார்டுக்குப் போய்விட்டது என்று பொருள். அதன் பிறகு காத்திருக்கத் தொடங்குங்கள். ரிலே, மோட்டார், டோசிங் பம்ப் எதையாவது நிறுத்தும் இடத்தில் இதைச் செய்யாமல் விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பம்பின் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிறார்.

கடைசியாக, டிரைவரைக் கம்பைல் செய்யும்போது மேக் கட்டளையில் சி=1 சேர்த்து ஸ்பார்ஸ் கருவியை ஓட்டுங்கள். ஐஓரீமேப் தந்த முகவரிக்கு ஐஓமெம் என்ற குறி இருக்கிறது. அதைச் சாதாரணப் பாயின்டராக எங்கெல்லாம் பயன்படுத்தியிருக்கிறீர்களோ அங்கெல்லாம் ஸ்பார்ஸ் வரி எண்ணோடு காட்டிக்கொடுக்கும். வோலடைலாக்கிக் காஸ்ட் செய்த இடங்களையும் ஒரு கை பார்த்துவிடுங்கள். அரை நாளில் உங்கள் டிரைவர் சுத்தமாகிவிடும்.

கேள்வி: ராஸ்பெரி பை போர்டில் பின்னை ஆன் செய்ய ஒரு ரிஜிஸ்டர், ஆஃப் செய்ய இன்னொன்று. ஒன்றே போதாதா?
(ஆற்காடு, பாலிடெக்னிக் மாணவி)

பதில்: நல்ல கேள்வி அம்மா. ஒரே ரிஜிஸ்டர் இருந்தால் பழைய மதிப்பைப் படித்து, உங்கள் பிட்டை மட்டும் மாற்றி, திருப்பி எழுத வேண்டும். நீங்கள் படித்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் இன்னொருவர் வேறு பிட்டை மாற்றியிருந்தால் அவருடைய மாற்றம் உங்கள் எழுத்தில் அழிந்துபோகும். இரண்டு ரிஜிஸ்டர் இருந்தால் 1 எழுதிய பிட் மட்டும் மாறும், 0 எழுதிய பிட்டுகள் அப்படியே இருக்கும், படிக்கவே வேண்டாம். பீகிள்போனிலும் இதே ஏற்பாடுதான்: பதினாறடிமானத்தில் 194 ஆன் செய்ய, 190 ஆஃப் செய்ய. ஆனால் பின் உள்ளீடா வெளியீடா என்று தீர்மானிக்கும் ரிஜிஸ்டருக்கு இந்த வசதி இரண்டிலும் இல்லை. அங்கே படித்து-மாற்றி-எழுதும் மூன்று அடியையும் ஒரு ஸ்பின்லாக்குக்குள் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டுக்குள்) வைக்க வேண்டும்.

கேள்வி: பட்டு டிசைன் ஸ்கேன் செய்யும் கணினியில் ஒரு பழைய பிசிஐஇ கார்டு. கார்டு கொஞ்சம் அசைந்தாலே கணினி முழுவதும் உறைந்துவிடுகிறது. டிரைவர் மூல நிரல் என்னிடம் இருக்கிறது. ‘பிஸி’ பிட் அணையும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும் வளையம் ஒன்று இருக்கிறது. அதுவா காரணம்?
(ஆரணி, கணினி சர்வீஸ் செய்பவர்)

பதில்: அதுவேதான். கார்டு தொடர்பு விட்டுப்போனால் அதிலிருந்து படிப்பதெல்லாம் 1களாக வரும். 32 பிட்டும் 1. பிஸி பிட்டும் அதில் ஒன்று என்பதால் வளையம் முடியவே முடியாது. ரீட்எல்-போல்-டைம்அவுட் என்ற மேக்ரோவைப் போட்டுக் கால வரம்பு வையுங்கள். படித்த மதிப்பு முழுக்க 1கள் என்றால் கார்டு இல்லை என்று எடுத்துக்கொண்டு பிழையோடு வெளியே வரச் சொல்லுங்கள். ஸ்லாட்டில் கார்டின் தங்க முனைகளையும் சுத்தம் செய்துவிடுங்கள்.

கேள்வி: மென்பொருள் பிழையால் வன்பொருள் கெட்டுப்போகும் என்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள். உண்மைச் சம்பவம் ஒன்று சொல்ல முடியுமா?
(வேலூர், கல்லூரி விரிவுரையாளர்)

பதில்: முடியும். 2008 செப்டம்பர், அக்டோபரில் நடந்தது. லினக்ஸ் 2.6.27இன் சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்களில் சிலருக்கு இன்டெல் நெட்வொர்க் இணைப்பு செத்துப்போனது. மறுபடி துவக்கினாலும், வேறு இயக்க முறைமை போட்டாலும் வரவில்லை. இ1000இ டிரைவர் கையாளும் அந்த நெட்வொர்க் பகுதியின் அமைப்புத் தகவல்கள் ஒரு ஃபிளாஷில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில்) இருந்தன, அவை அழிந்துபோயிருந்தன. முதலில் நெட்வொர்க் டிரைவரைச் சந்தேகித்தார்கள், கிராபிக்ஸ் டிரைவரையும் சந்தேகித்தார்கள். இரண்டும் இல்லை.

குற்றவாளி எஃப்ட்ரேஸ் என்ற, கெர்னலின் ஓட்டத்தைக் கண்காணிக்கும் வசதி. அது ஒவ்வொரு ஃபங்ஷனின் தொடக்க முகவரியையும் குறித்து வைத்துக்கொண்டு பிறகு அங்கே போய்க் கட்டளையை மாற்றும். கெர்னலில் சேரும் மாட்யூல் ஒன்றின் துவக்கப் பகுதி வேலை முடிந்ததும் நினைவகத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. அதே முகவரி பிறகு நெட்வொர்க் ஃபிளாஷைப் பொருத்தப் பயன்பட்டது. எஃப்ட்ரேஸுக்கு இது தெரியாது. அது பழைய முகவரிக்குப் போனது, ஆனால் கவனமாகத்தான் போனது: ‘அங்கே நான் எதிர்பார்த்த மதிப்பு இருந்தால் மட்டும் மாற்று’ என்ற ஒப்பிட்டு-மாற்றும் கட்டளையைப் பயன்படுத்தியது. ராமில் அது பாதுகாப்பான வழி. ஆனால் இன்டெல் பிராசஸரில் அந்தக் கட்டளை ஒப்பீடு தோற்றாலும் பழைய மதிப்பையே திருப்பி எழுதுகிறது. ராமில் அந்த எழுத்தால் ஒன்றும் மாறாது. ஃபிளாஷுக்கு அது ஒரு எழுத்துக் கட்டளை.

2.6.27 வெளிவந்தபோது இ1000இ டிரைவர் அந்த ஃபிளாஷை எழுத முடியாதபடி பூட்டியது. 2.6.27.1இல் அந்த எஃப்ட்ரேஸ் வசதியையே நிறுத்தி வைத்தார்கள். அடுத்த பதிப்பில் அது வேறு வடிவமைப்போடு வந்தது. வகுப்பில் இந்த நிகழ்வை நாள்வாரியாகப் பலகையில் எழுதி, மாணவர்களையே காரணம் தேடச் சொல்லுங்கள். ‘மாற்றவில்லை, ஒப்பிட்டுத்தான் பார்த்தது’ என்ற இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். ஆம்பூர் வாசகரின் கேள்வியும் அங்கேதான் வந்து நிற்கிறது.

கேள்வி: ரஸ்ட் மொழியில் டிரைவர் எழுதினால் இந்தத் தொல்லைகள் எல்லாம் போய்விடுமா?
(திருப்பத்தூர், நிரலாளர்)

பதில்: சில போகும். 2022 டிசம்பரில் வந்த 6.1 கெர்னலிலிருந்து ரஸ்ட் உள்ளே இருக்கிறது. பொருத்திய பகுதியின் எல்லையைத் தாண்டித் தொடுவதையும், சாதனம் போன பிறகு பழைய முகவரியைத் தொடுவதையும் மொழியே தடுக்கும்படி அமைக்கலாம். ஆனால் எந்த ரிஜிஸ்டரைப் படித்தால் என்ன நடக்கும் என்பது சிப்பின் டேட்டாஷீட்டில்தான் இருக்கிறது. எந்த மொழியில் எழுதினாலும் அதைப் படித்தே ஆக வேண்டும்.

கேள்வி: விண்டோஸில் இதற்கு என்ன வழி? ஒரு சின்ன டிரைவர் எழுதி, எந்த முகவரியைக் கேட்டாலும் படித்து எழுதித் தரும்படி வைத்துவிட்டால், மீதியை சாதாரண நிரலிலேயே எழுதிக்கொள்ளலாமே?
(குடியாத்தம், சொந்தமாக மென்பொருள் தொழில்)

பதில்: முதல் பாதிக்குப் பதில்: எம்எம்-மேப்-ஐஓ-ஸ்பேஸ் கொண்டு பொருத்தி, ரீட்-ரிஜிஸ்டர்-யூலாங், ரைட்-ரிஜிஸ்டர்-யூலாங் கொண்டு தொட வேண்டும். காரணங்கள் எல்லாம் மேலே ராணிப்பேட்டை நண்பருக்குச் சொன்னவையே.

இரண்டாவது பாதியைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படி ஒரு டிரைவர் கணினியில் இருந்தால், அதைப் பிடிக்கும் எந்த நிரலும் கெர்னலின் நினைவகத்தையே எழுதிவிடலாம். ஃபேன் வேகம் பார்ப்பதற்கும் விளக்கு நிறம் மாற்றுவதற்கும் என்று எழுதப்பட்ட இப்படிப்பட்ட டிரைவர்களைத் தாக்குபவர்கள் தாங்களே கொண்டுவந்து நிறுவி, அதன் வழியாக உள்ளே நுழைவது இன்று வழக்கமான தந்திரம். அதற்காக மைக்ரோசாஃப்ட் ஒரு தடைப் பட்டியல் வைத்திருக்கிறது. விண்டோஸ் 11இன் 2022 பதிப்பிலிருந்து அது தானாகவே இயங்குகிறது. லினக்ஸிலும் 2019இல் வந்த 5.4 கெர்னலின் லாக்டவுன் வசதி இயங்கும்போது டெவ்மெம்மின் கதவு அடைபடும். உங்கள் டிரைவர் ‘வால்வைத் திற’, ‘வெப்பநிலை சொல்’ என்ற அளவில் மட்டும் கேட்கட்டும். முகவரி வெளியிலிருந்து வரவே கூடாது.

கேள்வி: இதையெல்லாம் பழக எங்களிடம் பிசிஐஇ கார்டும் இல்லை, வாங்க வசதியும் இல்லை. என்ன செய்வது?
(சோளிங்கர், பி.இ. மூன்றாம் ஆண்டு மாணவி)

பதில்: ஒரு ரூபாய் செலவில்லாமல் பழகலாம் அம்மா. க்யூஇஎம்யூ என்ற இலவச எமுலேட்டரில் (கணினிக்குள் இன்னொரு கணினியை நடிக்கும் மென்பொருளில்) ‘எடு’ (edu) என்ற ஒரு பிசிஐ சாதனம் இருக்கிறது, மாணவர்கள் டிரைவர் எழுதிப் பழகுவதற்கென்றே செய்தது. க்யூஇஎம்யூ கட்டளையில் டிவைஸ் என்று போட்டு அதன் பெயரைச் சேர்த்தால் போதும். உள்ளே லினக்ஸில் எல்எஸ்பிசிஐ அடித்தால் தயாரிப்பாளர் எண் 1234 என்று தெரியும். அதற்கு ஒரு மெகாபைட் அளவு ரிஜிஸ்டர் பகுதி உண்டு.

முதலில் பிசிஐ டிரைவராகப் பதிவு செய்து, பகுதியைக் கேட்டு வாங்கிப் பொருத்துங்கள். பதினாறடிமானத்தில் 04 என்ற இடத்தில் ஏதாவது ஒரு எண்ணை எழுதிப் படித்தால் எல்லாப் பிட்டும் தலைகீழாகத் திரும்பி வரும். அது வந்தால் உங்கள் பொருத்தல் சரி. 08இல் ஒரு எண்ணை எழுதினால் அதன் ஃபேக்டோரியலைக் கணக்கிடும். கணக்கு நடக்கும்போது 20இல் கடைசி பிட் 1 ஆக இருக்கும். அது அணையும் வரை கால வரம்போடு காத்திருந்து 08ஐப் படியுங்கள். 12 வரை சரியான விடை வரும்; 13க்கு 32 பிட்டில் இடம் போதாது. பிறகு 60இல் எழுதி இன்டரப்டை வரவழைத்து, 24இல் எது வந்தது என்று பார்த்து, 64இல் எழுதி அதை அணையுங்கள். அணைக்க மறந்தால் என்ன நடக்கிறது என்றும் ஒருமுறை வேண்டுமென்றே செய்து பாருங்கள். டிஎம்ஏவும் அதில் உண்டு, அதைக் கடைசியாக வையுங்கள். அது தானாக 28 பிட் முகவரிக்குள்தான் எட்டும் என்பதால் டிஎம்ஏ மாஸ்க் அமைக்க வேண்டியிருக்கும்.

எழுதிய டிரைவரை அனுப்பினால் படித்துப் பார்த்துக் குறிப்பெழுதி அனுப்புகிறேன். எந்தக் கெர்னல் பதிப்பு, ஸ்பார்ஸ் என்ன சொன்னது என்ற இரண்டையும் கடிதத்தில் சேர்த்து எழுதுங்கள்.